டாலியா பாத்தியும் பின்வீட்டு மாடும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும்; புத்தி நிதானமாகப் பின்னால் வரும். பெற்றவளும் இதைச் சொல்லியிருக்கிறாள், கட்டிக்கொண்டவரும் சொல்லியிருக்கிறார், தினம் பால் ஊற்ற வந்த பின்வீட்டு அக்காவும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், என் வாய் என்னோடு என்றுதான் இருந்தேன். ஒரு தை மாதத்தில் அந்த வாய் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மாவட்டம் பிரிந்த பிறகு வேங்கிக்காலில் வரிசையாக ஆபீஸ்கள் வந்தன. அதில் ஒன்றில் என் வீட்டுக்காரர் குமாஸ்தா. கூட வேலை பார்த்தவர்களெல்லாம் அங்கேயே மனை வாங்கினார்கள். நாங்கள் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு மண் தெருவில் வீடு கட்டினோம். அவர் காலையில் மொபெட்டில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான்.

வீட்டுக்கு முன்னால் கிடந்த இடத்தை நான் சும்மா விட்டேனா? செங்கல்லைச் சாய்த்துச் சாய்த்து நட்டு, சுண்ணாம்பு அடித்து, பாத்தி பிரித்தேன். ஒன்றில் ஜினியா. ஒன்றில் கோழிக்கொண்டையும் பால்சமும். வாசலை ஒட்டிய நடுப்பாத்தியில் டாலியா. கேட்டுக்கு இரண்டு பக்கமும் சிமெண்ட் தொட்டியில் ரோஜா. ஓட்டை பக்கெட், டால்டா டப்பா, விளிம்பு உடைந்த குண்டான், எது கிடைத்தாலும் மண்ணும் எருவும் கலந்து போட்டு டேபிள் ரோஸ் குச்சியை ஊன்றிவிடுவேன். காலை பத்து மணி வெயிலுக்கு அது அத்தனையும் விரியும்போது பார்க்கணும்! அடுப்பில் வைத்த குழம்பை மறந்து நின்றிருக்கிறேன்.

டாலியாதான் என் உயிர். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்த கிழங்கு அது. வெயில் ஏறினால் எங்கள் ஊரில் அது தாங்காது. கிழங்கைத் தோண்டி, மணலில் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்துக் காப்பாற்றி, மழை விட்டதும் திரும்ப நடவேண்டும். தண்டு வளர வளரக் குச்சி நட்டு, பழைய புடவைக் கிழிசலால் கட்டவேண்டும். பக்கத்து மொட்டுகளையெல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு ஒரு தண்டுக்கு ஒரு மொட்டை மட்டும் விட்டால், தை மாதத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும். கிள்ளும்போது மனசு கேட்காது. ஆனாலும் கிள்ளுவேன்.

ரோட்டோர வேலிக்கு மட்டும் அரளி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள், ஆடு மாடு அதில் வாய் வைக்காது. விஷம் என்று அதுகளுக்கே தெரியும். ஆனால் வெட்டிப்போட்டுக் காய்ந்துவிட்டால் அந்த வாடை போய்விடும், தெரியாமல் தின்றுவிடும் என்றும் சொல்வார்கள்.

பின்வீட்டு அக்காவுக்கு மாடுதான் எல்லாம். வீட்டுக்காரர் பெங்களூரில் கொத்து வேலை. பொங்கலுக்கும் தீபத்துக்கும் வருவார். இவள் ஒரு செவலைக் கலப்பின மாட்டை வைத்துக்கொண்டு பால் ஊற்றிக் குடும்பத்தை ஓட்டினாள். அவள் கொட்டகை எங்கள் பின்சுவரை ஒட்டி, ஆனால் வாசல் அடுத்த சந்தில். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பாத்திரம் தேய்த்தால் அந்தப் பக்கம் அவள் பேசுவாள். எனக்குக் காய்ச்சல் என்றால் சுவருக்கு மேலே கஞ்சிச் சட்டி வரும். அப்படி இருந்தவர்கள்தான் நாங்கள். அந்தத் தையில் அவள் மாடு சினையாக இருந்தது, நாலு மாசம் என்று சொன்னாள்.

பௌர்ணமிக்கு முந்தின வாரம் ஒரு காலையில் நான் தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். கேட்டைச் சரியாகச் சாத்தினேனா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. குடத்தோடு திரும்பி வந்தால் நடுப்பாத்தியில் அந்தச் செவலை நிற்கிறது! வாயில் ஊதாப்பூ. குச்சிகளெல்லாம் சாய்ந்து, பாதிச் செடி மொட்டையாகி, சாணியும் போட்டு வைத்திருந்தது. குடத்தைக் கீழே போட்டேன். விளக்குமாற்றை எடுத்து அதை விரட்டிக்கொண்டே தெருக்குழாய் வரைக்கும் போனேன். அங்கே அக்கா நின்றிருந்தாள்.

"மாட்டக் கட்டி வெக்கத் துப்பில்லையா ஒனக்கு? எத்தினி வாட்டி சொல்றது?"

"அது வாயில்லா ஜீவன். அதுக்கு இன்னா தெரியும்? கேட்டத் தொறந்து போட்டுட்டு வந்தது நீ."

"எம் பாத்தி போச்சு! பூவெல்லாம் போச்சு!"

"பூவாம் பூ! சாமிக்கும் ஆவாது, தலைக்கும் ஆவாது. அதுக்குப் போயி இந்தக் குதி குதிக்கிற!"

அந்த வார்த்தைதான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் திட்டிவிட்டு வந்திருப்பேன். சாமிக்கு ஆகாது, தலைக்கு ஆகாது என்று ஊரே என் பூக்களைச் சொல்லும். என் வீட்டுக்காரரே, முருங்கை வைத்தால் குழம்புக்காவது ஆகும் என்பார். அவள் வாயிலிருந்து வந்ததும் எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"இன்னொரு வாட்டி உம் மாடு எங் கேட்டுக்குள்ள கால வெக்கட்டும், உசுரோட திரும்பி வராது, பாத்துக்க!"

குழாயடியில் இருந்தவர்கள் குடத்தை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி, "ச்சீ, சினை மாட்டப் போயி..." என்றாள். தப்பாகப் பேசிவிட்டேன் என்று அந்த நிமிஷமே தெரிந்தது. ஆனால் ரோஷம் விடவில்லை. இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தேன். மறுநாளிலிருந்து பால் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

கோபத்தில் நான் வீட்டில் இருக்கும் வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்வேன். சாய்ந்த டாலியாவை நிமிர்த்திக் கட்டினேன். கடித்தது போக மீதியில் மொட்டு இருந்தது, அது பிழைத்துவிட்டது. ரோஜாவில் பூச்சி விழுந்திருந்தது, கடையில் மருந்து வாங்கி வந்து அடித்தேன். ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்த அரளியைக் கழித்து, கிளைகளை வேலி ஓரமாகக் குவித்துப் போட்டேன். காய்ந்ததும் கொளுத்திவிடலாம் என்றுதான்.

பௌர்ணமி அன்றைக்கு ராத்திரி பூராவும் பாதையில் ஜனம். சனிக்கிழமையாக அமைந்ததால் அந்த வருஷம் கூட்டம் ரொம்ப ஜாஸ்தி, அன்னதானப் பந்தலும் ஜாஸ்தி. விடிந்து பார்த்தால் வழக்கம்போலப் பாதை முழுக்கத் தொன்னையும் இலையும் பிளாஸ்டிக் கவரும். மிஞ்சின சாம்பார் சாதத்தையும் தயிர் சாதத்தையும் பந்தலுக்குப் பின்னால் கொட்டிவிட்டு வண்டி ஏறிப் போயிருந்தார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் ஊரில் மாட்டை யாரும் கட்டி வைக்க மாட்டார்கள். அவிழ்த்துவிட்டால் தானே போய் மேய்ந்து வயிறு முட்டத் திரும்பும், ஒரு நாள் தீனி மிச்சம். அது எல்லாருக்கும் வழக்கம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர் வீட்டில் இருந்தார். மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல்.

"ஐயையோ, எம் மாடு! எம் மாட்டப் பாருங்களேன், யாராச்சும் வாங்களேன்!"

கஞ்சித் தண்ணீர் கையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. சுவரோரம் கல்லில் ஏறி எட்டிப் பார்த்தேன். செவலை படுத்துக் கிடந்தது. இடது பக்க வயிறு மத்தளமாக உப்பியிருந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறாக வழிந்தது. பல்லை நறநறவென்று கடித்தது, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. சந்துக்காரர்கள் ஓடி வந்து சுற்றி நின்றார்கள்.

"விஷம் தின்ன மாதிரி இருக்குதே!"

"எங்க போயி மேஞ்சுது?"

"மேயறதுல இப்படி ஆவாது. யாரோ வெச்சிருக்காங்க."

"அரளி வெட்டிப் போட்டிருக்குது பாரு, அங்க, ரோட்டோரம்..."

யாரோ என் பக்கம் கை காட்டினார்கள். அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் கல்லிலிருந்து இறங்கிவிட்டேன். இறங்கியிருக்கக் கூடாது, அது இன்னும் தப்பாகப் போயிற்று.

வாசல் பக்கம் ஓடினேன். வேலியோரம் அரளிக் குவியல் கிடந்தது. இலையெல்லாம் சுருண்டு காய்ந்திருந்தது. குவியலிலிருந்து ஒரு கொப்பு மட்டும் தனியாக, ரோட்டுப் பக்கம் இழுபட்டுக் கிடந்தது. நானே அப்படிப் போட்டேனா? நாய் இழுத்ததா? மாடு வாய் வைத்ததா? குனிந்து ஒவ்வொரு இலையாகப் பார்த்தேன், கடித்த அடையாளம் ஏதாவது இருக்குமா என்று. எனக்கு எதுவும் விளங்கவில்லை. அந்த மாடு செத்தால் இந்தத் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சினை மாட்டைக் கொன்றவள் என்ற பேர் சாகிற வரைக்கும் போகாது. எனக்கே தெரியாமல் நான் கொன்றிருந்தால்?

உள்ளே போனேன். அவர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நீ ஒண்ணும் வெக்கலல்ல?"

"என்ன கேக்கறீங்க?"

"இல்ல... சும்மா கேட்டேன். அந்த ரோஜா மருந்து எங்க?"

"ஜன்னல் மேல இருக்குது."

அவர் போய் அதை எடுத்தார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார். பூனை மாதிரி பேசுகிற மனுஷன், ஒரு நாள் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

"நான் டாக்டரக் கூட்டினு வரப் போறேன்" என்றேன்.

"பைத்தியமா ஒனக்கு? நாமளே போயிக் கூட்டினு வந்தா நாமதான் செஞ்சோம்னு ஆயிடும். அவங்க வீட்டு மாடு, அவங்க பாத்துக்கட்டும். போலீஸ் கேஸுன்னு ஆச்சுன்னா என்னை சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. பேசாம உள்ள இரு."

"மாடு செத்துச்சுன்னா நான்தான் கொன்னேன்னு ஆயிடும். அப்பறம் உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன?"

அவர் கதவை மறித்து நின்றார். நான் அவர் கையைத் தள்ளிவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனேன்.

முதலில் சந்துக்குத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் கூட்டம் விலகியது. அக்கா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிட்ட வராத! பாதகி! ஒனக்கு நான் இன்னாடி பண்ணேன்? என்னை அடிச்சிருக்கலாமே, வாயில்லாத ஜீவன் ஒனக்கு இன்னா பண்ணுச்சு?"

"டாக்டரக் கூட்டினு வரேங்கா, அது வரைக்கும் அதப் படுக்க உடாத, எழுப்பி நிறுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். என் பின்னால் ஒருத்தி காறித் துப்பியது கேட்டது.

பாதையில் ஆட்டோ கிடைப்பதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பிப் போகிற வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. மாட்டாஸ்பத்திரியில் பூட்டு. வாட்ச்மேன் பல்லைக் குத்திக்கொண்டே, "ஞாயித்துக்கெழம டாக்டர் வூட்லதான் இருப்பாரு, வேங்கிக்கால்ல" என்றான். மறுபடியும் ஆட்டோ. டாக்டர் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினால், சாப்பிட்டுவிட்டுப் பனியனோடு படுக்கப் போகிற நேரம் அது.

"வயிறு உப்பியிருக்குதா? வெளக்கெண்ண கொடுங்க. சாயங்காலமா வரேன்" என்றார்.

"சாயங்காலம் வரைக்கும் தாங்காது சார்."

"நீங்க யாரு, மாட்டுக்காரங்களா?"

என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"இல்ல சார். நான்தான் அந்த மாட்டுக்கு விஷம் வெச்சேன்னு சொல்றாங்க. நீங்க வந்து பாருங்க. வெச்சிருந்தா வெச்சேன்னே சொல்லுங்க. பாக்காம மட்டும் இருந்துடாதீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு பையோடு வந்தார்.

அவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார். நான் ஆட்டோவில் பின்னால். அப்போதுதான் எனக்குப் பயம் சரியாகப் பிடித்தது. என் கழுத்துக்குக் கயிற்றை நானே போய் வாங்கிக்கொண்டு வருகிறேனா? அரளிதான் என்று இவர் சொல்லிவிட்டால்? அந்தத் தனிக் கொப்பு கண் முன்னாலேயே நின்றது. அண்ணாமலையாரே, அண்ணாமலையாரே என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மலையைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

சந்துக்குள் நுழைந்தபோது தெருவே அங்கேதான் நின்றது. செவலையை எழுப்ப முடியவில்லை போலிருக்கிறது, தலையைத் தரையில் போட்டுவிட்டிருந்தது. டாக்டர் அதன் கண் இமையை விரித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இடது வயிற்றில் விரலால் சுண்டினார்.

"என்ன தின்னுது?"

"அவளக் கேளுங்க சார்" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

டாக்டர் அதைக் காதில் வாங்காமல் மாட்டுக்குப் பின்னால் போனார். தண்ணீராகக் கழிந்திருந்த சாணியை ஒரு குச்சியால் கிளறினார். பிறகு எல்லாரையும் கிட்டக் கூப்பிட்டார். நான் மட்டும் போகவில்லை.

"இது என்ன, பாருங்க."

அக்காதான் மெதுவாகச் சொன்னாள்: "சோறு."

"முழுசு முழுசா சோறு. காலைல எங்க அவுத்து உட்டீங்க?"

"பாதைக்குத்தான் சார். பௌர்ணமிக்கு மறுநா எல்லாரும் உடுறதுதான்..."

"பந்தலுக்குப் பின்னால கொட்டி வெச்ச குவியல்லதான் நின்னுகினு இருந்துச்சு, நான் பாத்தேனே" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. அதுவரைக்கும் அரளி அரளி என்று கத்திக்கொண்டிருந்தவள் அவளேதான்!

டாக்டர் பையிலிருந்து ஒரு தடித்த ஊசி மாதிரி எடுத்தார். இடது பக்கம் இடுப்பெலும்புக்கு முன்னால் ஒரு இடத்தைத் தடவிப் பார்த்து, ஒரே குத்து. அக்கா அலறினாள். புஸ்ஸென்று காற்று வந்தது. அதோடு வந்த நாற்றம் இருக்கிறதே, நாலு நாள் ஊறின கழனித் தொட்டி கெட்டது போங்கள். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

"புல்லு திங்கற வயிறும்மா இது. ஒரேயடியா இவ்ளோ சோறு உள்ள போனா அங்கயே புளிச்சுப் பொங்கிடும். ஆப்பசோடா இருக்குதா? வெதுவெதுன்னு தண்ணில கரைங்க, நெறைய."

நான்தான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார்... அரளி ஏதாச்சும்..."

"அரளி தின்னிருந்தா நெஞ்சுத் துடிப்பே வேற மாதிரி இருக்கும். நான் வரவும் வேண்டியிருந்திருக்காது" என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மூங்கில் குழாயில் சோடாத் தண்ணீரை ஊற்ற மாட்டின் தலையைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். அக்கா ஒரு கொம்பைப் பிடித்தாள். இன்னொன்று நழுவியது. "புடியேம்மா அத" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் போய்ப் பிடித்தேன். அதன் எச்சில் என் புடவையெல்லாம் வழிந்தது. என் கண்ணீரும்தான். வெட்கமில்லாமல் ஓ என்று அழுதேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் அவளும் அழுதாள்.

"எந் நாக்குல தீய வெக்க... ஒன்னைப் போயி... மன்னிச்சுக்கம்மா."

"நானும்தான்கா. அன்னிக்கு அந்த வார்த்த பேசியிருக்கக் கூடாது."

வெயில் சாயும்போது செவலை முன்னங்காலை ஊன்றி எழுந்தது. நாலு அடி நடந்து, நின்று, மெதுவாக அசை போட ஆரம்பித்தது. கன்றும் தங்கும் என்றுதான் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காறித் துப்பினவளே என் கையைப் பிடித்து, "நல்ல வேளை, ஓடிப் போயிக் கூட்டினு வந்த" என்றாள். பழி போய்விட்டது, மாடும் பிழைத்துவிட்டது, இதைவிட என்ன வேண்டும்? அவரிடம் சொல்லவேண்டும் என்று சந்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன்.

கேட் திறந்திருந்தது. என் வீடுதானா என்று ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. வேலியில் அரளி இல்லை. இருந்த இடத்தில் குழி குழியாக இருந்தது. ஜினியா இல்லை, கோழிக்கொண்டை இல்லை. சிமெண்ட் தொட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. நடுப்பாத்தி தலைகீழாகக் கொத்திக் கிடந்தது. ஒரு தண்டு இல்லை, ஒரு குச்சி இல்லை, கிழங்கும் இல்லை. வாசற்படியில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கடப்பாரை. முழங்கை வரைக்கும் மண், உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து ரத்தம்.

"எதுல மருந்து பட்டிருக்குதுன்னு தெரியல, எல்லாத்தையும் எடுத்துட்டேன்" என்றார் மெதுவாக. "சாக்குல கட்டிப் பாழுங்கெணத்துல போட்டுட்டேன். மருந்தையும்தான். மண்ணைக்கூடப் பெரட்டி உட்டுட்டேன். யாரும் பாக்கல, எல்லாரும் அங்கதான் இருந்தாங்க. இனிமே யாரு வந்து கேட்டாலும் இங்க ஒண்ணும் இல்ல. நீ பயப்படாத." பிறகு கேட்டார்: "மாடு போயிடுச்சா?"

"சோறு தின்னுடுச்சுங்க. பந்தல் சோறு. டாக்டர் சொல்லிட்டாரு. எழுந்து நிக்குது."

அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கேயோ இறங்கிப் போனது. கையைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அவ என் வாயக் கேட்டு நெனச்சா. ஊரும் வாயக் கேட்டுதான் நெனச்சுது" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "நீங்க எதப் பாத்து நெனச்சீங்க?"

அவர் உள்ளங்கை ரத்தத்தை வேட்டியில் துடைத்தார். பிறகு சொன்னார்: "நீயே செஞ்சிருந்தாலும் உன்னை உட்டுக் குடுக்கக் கூடாதுன்னுதான் செஞ்சேன்."

கட்டிப்பிடித்து அழுவதா, அந்தக் கடப்பாரையை எடுத்து வீசுவதா? ஒரு மனுஷன் கை கிழியக் கிழிய எனக்காகத் தோண்டியிருக்கிறார். ஒவ்வொரு குத்துக்கும் நான்தான் கொன்றேன் என்று நம்பித் தோண்டியிருக்கிறார். அழுகைகூட வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கேட்டில் அக்கா வந்து நின்றாள். ஒரு வாரமாக வராதவள், கையில் காலைப் பால் சொம்போடு, முகமெல்லாம் சிரிப்பாக. "இந்தாம்மா, மொதல்ல ஒரு காப்பி போட்டுக் குடி, மத்தியானத்துலேந்து நீ..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வேலியைப் பார்த்தாள். அரளி இருந்த குழியைப் பார்த்தாள். புதிதாகப் புரட்டின மண்ணைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இதெல்லாம் எப்ப புடுங்கின?"

சாணியில் சோற்றைக் கண்ணால் பார்த்தவள் அவள். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவள். ஆனாலும் அந்தக் கேள்வியில் மத்தியானம் கேட்ட குரல் திரும்ப வந்துவிட்டது. ஒன்றும் செய்யாதவள் வீட்டில் எதற்காக எல்லாவற்றையும் அவசர அவசரமாகப் பிடுங்கவேண்டும்? அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

உண்மையைச் சொன்னால் போதும். இவர்தான் பிடுங்கினார், நான் விஷம் வைத்தேன் என்று பயந்து பிடுங்கினார் என்று. கட்டின புருஷனே அப்படி நினைத்தான் என்று நாளைக்குக் குழாயடியில் பேசுவார்கள். பேசட்டும், என் பேராவது மிஞ்சும். வாயைத் திறந்தேன். எப்போதும் முந்திக்கொள்கிற வாய் அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தது.

"நான்தான்கா" என்றேன். "காலைல புடுங்கினேன். சும்மா... வேணாம்னு தோணுச்சு."

அவள் நம்பவில்லை, மத்தியானம் வரைக்கும் அரளி நின்றதை ஊரே பார்த்திருந்தது. சொம்பைத் தரையில் வைத்தாள். வேறு ஒன்றும் கேட்காமல், புரட்டின மண்ணில் கால் படாமல் ஒதுங்கி நடந்து கேட்டைத் தாண்டினாள்.

அவர் எழுந்து வந்து எனக்குப் பின்னால், இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். "இல்லக்கா, நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவள் சந்து திரும்பி மறைகிற வரைக்கும் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.